விடுமுறை யாருக்குச் சொந்தம்?

ஆண்டுத் தேர்வின் கடைசித் தாளை எழுதி முடித்துவிட்டு மாணவன் வீட்டுக்குள் நுழைகிறான். அன்று மாலையே அந்த வீட்டில் ஒரு வழக்கு தொடங்கிவிடுகிறது. மருத்துவ நுழைவுத் தேர்வுப் பயிற்சியில் இப்போதே சேர்த்துவிட வேண்டும் என்கிறார் அத்தா. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ மேலப்பாளையத்திலோ இருக்கும் நன்னியைப் பார்த்து எத்தனை நாளாயிற்று, ஊருக்குப் போய் வரலாம் என்கிறார் அம்மா. பிள்ளையின் மனத்திலோ வேறொரு பட்டியல் இருக்கிறது. அதில் விளையாட்டு இருக்கிறது, தூக்கம் இருக்கிறது, கைப்பேசி இருக்கிறது. ஆனால் அவை மட்டுமே இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. ஒரு சூராவை மனனம் செய்யவேண்டும், நீந்தக் கற்கவேண்டும், ஆங்கிலம் தட்டுத்தடுமாறாமல் பேசவேண்டும் என்ற ஆசைகளும் அந்தப் பட்டியலில் உண்டு.

மயிலாப்பூர், இராயப்பேட்டை, தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களில் தொழுகைக்குப் பின் மாணவர்களோடு உட்கார்ந்து பேசுகிறபோது அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஹஜ்ரத், வருஷம் முழுக்க மற்றவர்கள் போட்ட அட்டவணையில் ஓடினோம். இந்த நாற்பது நாளாவது எங்களுக்குச் சொந்தம் இல்லையா?”

இதைக் குறும்புக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. மனிதன் தன் நேரத்துக்கு உரிமையாளனா என்பது ஆழமான கேள்வி. பெரியவர்களும் ஓய்வு பெறும் நாளில் இதைத்தான் கேட்கப் போகிறார்கள். எனவே அதட்டி அனுப்பிவிடாமல் மார்க்கத்தின் வெளிச்சத்தில் இதற்கு விடை தேடுவது நம் கடமை.

ஏமாந்த வியாபாரி

மனிதர்களில் பலர் இரண்டு அருட்கொடைகளின் விஷயத்தில் ஏமாந்து போகிறார்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். ஒன்று உடல்நலம், மற்றொன்று ஓய்வு. புகாரியில் இடம்பெறும் இந்த நபிமொழியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அதில் வரும் ‘மக்பூன்’ என்ற சொல்லைக் கவனித்தவர்கள் குறைவு. அது கடைத்தெருவின் சொல். வாங்கும்போது அதிக விலை கொடுத்தும், விற்கும்போது குறைந்த விலைக்குத் தள்ளியும் நஷ்டப்பட்டவனை அரபியர் அப்படிச் சொல்வார்கள். ‘கப்ன்’ என்பது ஃபிக்ஹு நூல்களில் வியாபாரப் பாடத்தில் வரும் கலைச்சொல்லுமாகும்.

ரங்கநாதன் தெருவில் கடை வைத்திருப்பவருக்கு இந்த உவமையை விளக்கவே தேவையில்லை. உடல்நலம் முதல், ஓய்வு சரக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் கையில் இருக்கும் நாட்கள் வாழ்நாளில் மிகக் குறைவு. உழைக்கும் வயதில் நலம் இருக்கும், ஓய்வு இராது. முதிர்ந்த வயதில் ஓய்வு இருக்கும், நலம் இராது. இரண்டும் சேர்ந்து கிடைப்பது மாணவப் பருவத்தின் கோடை விடுமுறையில்தான். அந்தச் சரக்கை என்ன விலைக்கு விற்றோம் என்பதுதான் கேள்வி. நள்ளிரவு இரண்டு மணி வரை கைப்பேசித் திரையில் ஓடி மறையும் படங்களுக்காக அதைக் கொடுத்துவிட்டவன், பத்து ரூபாய்க்கு வைரத்தை விற்றவனைப் போன்றவன். சோகம் என்னவென்றால், தான் ஏமாந்ததே அவனுக்குத் தெரியாது. தெரிந்தே நஷ்டப்படுபவனை ‘மக்பூன்’ என்று யாரும் சொல்வதில்லை அல்லவா!

ஆகவே விடுமுறை மாணவனுக்குச் சொந்தமா என்ற கேள்விக்கு முதல் விடை இது: அது அவன் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானத். மறுமையில் அடியான் எவற்றைப் பற்றி விசாரிக்கப்படுவான் என்று விளக்கும் நபிமொழி திர்மிதியில் இருக்கிறது. அதில் ஆயுளைப் பற்றிய கேள்வி ஒன்று. அதோடு நில்லாமல் வாலிபத்தைப் பற்றித் தனியே இன்னொரு கேள்வியும் வருகிறது. வாலிபம் ஆயுளுக்குள் அடங்கியதுதானே, பிறகு ஏன் தனிக் கணக்கு? அந்தப் பகுதியின் மதிப்பு அப்படி!

அமானத் என்றால் பூட்டி வைப்பதா?

இதைக் கேட்டதும், “அப்படியானால் விளையாடக் கூடாதா, தூங்கக் கூடாதா?” என்று சில பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். சில பெற்றோரோ இதையே சாக்காக வைத்து, விடுமுறையை வேறொரு பெயரில் நடக்கும் பள்ளிக்கூடமாக மாற்றிவிடுகிறார்கள். இரண்டும் தவறு.

தோழர் ஹன்ளலா (ரலி) அவர்கள், நபிகளாரின் சபையில் இருக்கும்போது உள்ளம் உயர்ந்து நிற்பதையும், வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடு கலந்ததும் அந்த நிலை மாறிவிடுவதையும் எண்ணி, தாம் நயவஞ்சகராகிவிட்டோமோ என்று கலங்கினார்கள். அதற்கும் ஒரு நேரம், இதற்கும் ஒரு நேரம் உண்டு என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் ஆறுதல் கூறியது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை நபியவர்கள் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்க்கத் தாமே மறைவாக நின்று உதவினார்கள். விளையாட்டும் ஓய்வும் அமானத்துக்குச் செய்யும் துரோகமல்ல. களைத்த உடலுக்கு ஓய்வு கொடுப்பதும் அந்த அமானத்தைப் பேணுவதில் சேரும்.

அப்படியானால் எல்லை எது? அதை அளக்க ஓர் எளிய அளவுகோல் சொல்கிறேன்: ஃபஜ்ரு. மே மாதத்தில் சென்னையில் ஏறத்தாழ 5.45-க்கே கதிரவன் எழுந்துவிடுகிறான். பள்ளிக்கூட நாளில் ஃபஜ்ருக்கு எழுந்த பிள்ளை விடுமுறையில் எட்டு மணிக்கு எழுகிறான் என்றால், அவன் எடுத்தது ஓய்வல்ல, ஃபர்ளுக்கே விடுமுறை விட்டுவிட்டான். ஃபஜ்ரை ஜமாஅத்தோடு தொழுதுவிட்டு பெசன்ட் நகர்க் கடற்கரை மணலில் ஒரு மணி நேரம் பந்து விளையாடுகிறவனைக் குறை சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. அலைக்குள் மட்டும் இறங்கிவிட வேண்டாம். அந்தக் கடல் ஆண்டுதோறும் இளம் உயிர்களை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது, உடலும் அமானத்தான்.

எங்கள் மதரஸாக்களின் வழக்கத்தையும் இங்கே நினைவூட்டலாம். அங்கே நீண்ட விடுமுறை வெயிலைப் பார்த்து வருவதில்லை, பிறையைப் பார்த்து வருகிறது. ஷஃபானில் பாடங்கள் முடிந்து ஷவ்வாலில் மீண்டும் தொடங்கும். இடையில் வரும் ரமளானில் ஹாஃபிழ் மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று தராவீஹ் தொழவைப்பார்கள். கிதாபு ஓதிய களைப்பு குர்ஆன் ஓதுவதில் தீர்ந்துபோகும். ஒரு வேலையிலிருந்து ஓய்ந்ததும் அடுத்த முயற்சியில் நிலைத்து நிற்கும்படி திருமறையின் 94-வது அத்தியாயம் நபியவர்களுக்குக் கட்டளையிடுகிறது. வேலையை மாற்றிக்கொள்வதும் ஓர் ஓய்வுதான் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

ஓர் இளைஞரின் பெரிய திட்டம்

இனி இலட்சியங்களைப் பற்றிப் பார்ப்போம். விடுமுறையின் முதல் நாள் மாணவன் போடும் பட்டியலைப் பார்த்தால் நமக்கே மூச்சு முட்டும். தினமும் ஒரு ஜுஸ்வு ஓதுவது, பத்துப் பக்கம் ஆங்கிலம் எழுதுவது, இரண்டு மணி நேரம் கணக்கு, ஒரு மணி நேரம் உடற்பயிற்சி என்று அது நீளும். நான்காம் நாள் அந்தத் தாள் எங்கே போயிற்று என்று அவனுக்கே தெரியாது.

பெரிய திட்டம் போட்ட இளைஞர் ஒருவர் நபித்தோழர்களிலும் இருந்தார். அவர் அப்துல்லாஹ் இப்னு அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை, ஒவ்வோர் இரவும் முழுக் குர்ஆன் என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்டார். மருமகளிடம் நலம் விசாரித்த தந்தைக்கு விஷயம் தெரிந்தது. அது நபிகளாரிடம் போயிற்று. உடலுக்கு உரிமை உண்டு, கண்ணுக்கு உரிமை உண்டு, மனைவிக்கு உரிமை உண்டு, விருந்தினருக்கும் உரிமை உண்டு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். மாதம் மூன்று நோன்பு போதும், மாதம் ஒரு முறை குர்ஆனை முடித்தால் போதும் என்று இறக்கினார்கள். அந்த இளைஞரோ தமக்கு அதைவிட அதிகச் சக்தி இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிக் கேட்டு, முடிவில் ஒருநாள் விட்டு ஒருநாள் நோன்பு நோற்கும் தாவூத் நபியின் முறையைப் பெற்றுக்கொண்டார்.

இந்த வரலாறு இங்கே முடிந்திருந்தால் நமக்குப் பாதிப் பாடம்தான் கிடைத்திருக்கும். அவர் முதியவரானார். உடல் தளர்ந்தது. நபியவர்கள் தந்த சலுகையை அன்றே ஏற்றிருக்கலாமே என்று ஏங்கினார். ஆனாலும் ஒப்புக்கொண்டதைக் கைவிடவில்லை. பலவீனமான நாட்களில் நோன்பை விட்டு, விட்ட நாட்களை எண்ணி வைத்துக்கொண்டு, பிறகு அதே எண்ணிக்கையில் நோற்று ஈடுசெய்தார். இந்த விவரங்களெல்லாம் புகாரியிலேயே காணக்கிடைக்கின்றன.

இதில் மூன்று உண்மைகள் இருக்கின்றன. இளமையின் வேகத்தில் போடும் திட்டம் பிற்பாடு சுமையாகிவிடும் என்பது ஒன்று. நல்ல திட்டமானாலும் பிறர் உரிமையைப் பறித்து அதை நிறைவேற்றக் கூடாது என்பது இரண்டாவது. தவறிய நாட்களுக்காக முழுவதையும் தூக்கி எறியாமல் எண்ணி ஈடுசெய்யலாம் என்பது மூன்றாவது. நான்காம் நாள் தாளைத் தொலைத்துவிடும் மாணவனுக்குத் தேவையானது இந்த மூன்றாவது பாடம்தான்.

கஸ்ஸாலி இமாம் காட்டும் ஒப்பந்தம்

ஹிஜ்ரி 505-ல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது ‘இஹ்யா’வில் நஃப்ஸை வியாபாரக் கூட்டாளியாகக் கொண்டு விளக்குகிறார்கள். முதலைக் கூட்டாளியிடம் கொடுக்கும் வியாபாரி முதலில் நிபந்தனை பேசுகிறான், பிறகு கண்காணிக்கிறான், முடிவில் கணக்குப் பார்க்கிறான். அதேபோல் காலையில் நஃப்ஸோடு நிபந்தனை பேசி, பகலில் அதைக் கவனித்து, இரவில் கணக்குக் கேட்க வேண்டும் என்கிறார்கள். பாண்டி பஜாரில் கடை மூடியதும் கல்லாவை எண்ணாமல் போகிற முதலாளி உண்டா? நம் நாளை மட்டும் எண்ணாமல் மூடிவிடுகிறோமே!

கணக்கு என்றதும் ஒரு சிறு கணக்கையே போட்டுப் பார்ப்போம். சூரத்துல் முல்க்கில் 30 வசனங்கள் இருக்கின்றன. சூரா யாஸீனில் 83 வசனங்கள். நாளுக்கு மூன்றே வசனங்கள் என்று மனனம் செய்தால் முல்க் 10 நாளில் முடியும், யாஸீன் 28 நாளில் முடியும். ஆக 38 நாட்கள். ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை ஏறத்தாழ நாற்பது நாள் விடுமுறை என்று வைத்துக்கொண்டால், இரண்டு சூராக்களும் நெஞ்சில் பதிந்த நிலையில் அந்தப் பிள்ளை பள்ளிக்குத் திரும்புவான். நாளுக்குத் தேவைப்படுவது ஃபஜ்ருக்குப் பின் அரைமணி நேரம்! மீதி நாள் விளையாட்டுக்கும் வாசிப்புக்கும் உறவினருக்கும் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அடையாறு, மயிலாப்பூர்ப் பிள்ளைகளுக்கு அது கைக்கெட்டும் தூரம்.

அல்லாஹ்வுக்கு மிக உவப்பான அமல், குறைவானாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் நபிமொழிக்கு நம் தமிழ் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. அ.கா. அப்துல் ஹமீது பாக்கவி (ரஹ்) அவர்களின் தமிழ்த் திருக்குர்ஆன் மொழிபெயர்ப்பின் முதல் பகுதி 1929-ல் வெளிவந்தது. முழுமையாக வெளிவந்தது 1949-ல். இருபது ஆண்டுகள்! அன்றன்றைய பங்கை அன்றன்று முடித்தவருக்கே இப்படிப்பட்ட பணி கைகூடும்.

யாருடைய இலட்சியம்?

இப்போது வழக்கின் கடினமான பகுதிக்கு வருவோம். பிள்ளையின் திட்டமும் பெற்றோரின் தேவையும் மோதினால் என்ன செய்வது?

தியாகராய நகரின் துணிக்கடைகளிலும் பாத்திரக் கடைகளிலும் விடுமுறையில் வேலைக்கு நிற்கும் மாணவர்கள் உண்டு. அடுத்த ஆண்டுக் கட்டணத்தை அவர்களே சம்பாதிக்க வேண்டிய நிலை. அப்படிப்பட்ட மாணவன், “என் இலட்சியங்களெல்லாம் போயிற்றே” என்று மனம் குமையத் தேவையில்லை. பெற்றோரின் சுமையைத் தாங்குவதும் ஹலாலாகச் சம்பாதிப்பதும் நிய்யத் சரியாக இருந்தால் இபாதத்தாகும். முழுத் திட்டமும் அவனால் முடியாது, ஆனால் மூன்று வசனம் அவனாலும் முடியும். கடைக்குப் போகும் பேருந்திலேயே அது முடிந்துவிடும்.

அதே நேரத்தில் பெற்றோருக்கும் ஓர் எல்லை உண்டு. 14 வயது நிறையாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்பது 2016-ல் திருத்தப்பட்ட சட்டம். ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ உதவலாம் என்ற அளவுக்கே அது இடம் தருகிறது. இதை மீறிச் சிறுவனை அயலார் கடையில் நிறுத்துபவர், நாட்டின் சட்டத்தை மட்டுமல்ல, தம்மிடம் இருக்கும் அமானத்தையும் மீறுகிறார்.

இன்னொரு மௌனமான அநீதியும் நம் வீடுகளில் நடக்கிறது. மகனுக்கு விடுமுறை என்றால் ஓய்வு, மகளுக்கு விடுமுறை என்றால் அடுப்படி! அண்ணன் எட்டு மணி வரை தூங்குவான், தங்கை ஃபஜ்ரிலிருந்து பாத்திரம் துலக்குவாள். அவளிடமும் ஓர் இலட்சியப் பட்டியல் இருக்கும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. வீட்டு வேலை இழிவானதல்ல. பெருமானார் (ஸல்) அவர்களே வீட்டார் வேலைகளில் ஒத்தாசையாக இருந்தார்கள் என்று புகாரியில் வருகிறது. இழிவல்லாத வேலையை மகனுக்கும் பங்கிட்டுக் கொடுப்பதில் என்ன தடை? நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்து அதற்கு நபிகளாரைச் சாட்சியாக்க வந்தபோது, பிள்ளைகளிடையே நீதியாக நடக்கும்படி அவர்கள் கட்டளையிட்டார்கள். சொத்தில் மட்டும்தானா நீதி? நேரத்திலும் வேண்டாமா? நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் தேனாம்பேட்டையில் 1955-ல் பெண்களுக்கென ஒரு கல்லூரி எழுந்தபோது, நம் பெண்மக்களுக்கும் இலட்சியம் உண்டு என்பதை இந்தச் சென்னை கண்டுகொண்டது. அதை வீடுகளும் கண்டுகொள்ளட்டும்.

நன்னியின் ஊருக்குப் போவதைத் திட்டத்துக்கு இடைஞ்சலாக எண்ணும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: உறவைச் சேர்ந்து வாழ்வதால் ரிஸ்கு விரிவடைகிறது, ஆயுள் நீள்கிறது என்பது நபிவாக்கு. அதையே திட்டத்தின் முதல் வரியாக எழுதுங்கள்.

சத்தியம் செய்யாதீர்கள்

உறுதி வேண்டும் என்பதற்காக, “அல்லாஹ் மீது ஆணையாக இந்த விடுமுறையில் கைப்பேசியைத் தொடமாட்டேன்” என்று சில பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். பருவமடைந்த ஒருவர் இப்படிச் சத்தியம் செய்து முறித்தால் பரிகாரம் கடமையாகிறது. திருமறையின் 5:89 வசனப்படி பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ அளிக்கவேண்டும். அதற்கு வசதியற்றவர் மூன்று நோன்பு நோற்கவேண்டும். தாயின் தலைமீது சத்தியம் செய்வதோ அறவே கூடாது. அல்லாஹ் அல்லாதவற்றின் மீது ஆணையிடுவதை நபியவர்கள் தடுத்துள்ளார்கள். “இத்தனை மதிப்பெண் கிடைத்தால் இத்தனை நோன்பு” என்று நேர்ச்சை செய்வதும் அப்படியே. வணக்கத்தை நேர்ந்துகொண்டால் அது கடமையாகிவிடும். நேர்ச்சை விதியை மாற்றுவதில்லை என்றும், கஞ்சனிடமிருந்து எதையோ வெளிக்கொணர்வதாகவே அது அமைகிறது என்றும் ஹதீஸ் உணர்த்துகிறது.

உறுதிக்கு மார்க்கம் காட்டும் வழி வேறு. நாளை ஒன்றைச் செய்வேன் என்று சொல்லும்போது ‘இன்ஷா அல்லாஹ்’ சேர்க்கும்படி 18-வது அத்தியாயம் கற்பிக்கிறது. உறுதி கொண்டுவிட்டால் அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டும்படி 3:159 கற்பிக்கிறது. இது தளர்ச்சிக்குச் சொல்லும் சாக்கு அல்ல. நாளை நம் கையில் இல்லை என்ற அறிவு. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தமிழகத்தில் 10, 12-ம் வகுப்புகளுக்கே 2021 ஜனவரி 19-ல்தான் திறந்தன. 2023-ல் ஜூன் தொடக்கத்தில் திறக்கவிருந்த பள்ளிகள் வெயிலின் கடுமையால் 7-ம் தேதிக்கும், பிறகு 12, 14-ம் தேதிகளுக்கும் தள்ளிப்போயின. நாட்கள் கூடுவதும் குறைவதும் நம் கையில் இல்லை. கேளாமல் கிடைத்த அந்த ஒரு வாரத்தை என்ன செய்தோம் என்பது மட்டுமே நம் கணக்கில் எழுதப்படும்.

நிறைவேறாத இலட்சியம்

திட்டமிட்டு முடிக்காமல் போனால் அது பாவமா? பிறருக்குக் கொடுத்த வாக்கை மீறுவது வேறு. தனக்குத் தானே எண்ணிய நற்செயல் நடவாமல் போவது வேறு. நற்செயலை நாடி அதைச் செய்ய இயலாமல் போனவருக்கும் ஒரு முழு நன்மை எழுதப்படுகிறது என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள நற்செய்தி.

“அப்படியானால் எண்ணினாலே போதுமே, ஏன் பாடுபட வேண்டும்?” என்று கேட்கலாம். இங்கேதான் நிய்யத்தையும் வெறும் ஆசையையும் பிரித்தறிய வேண்டும். நிலத்தைப் பண்படுத்தி, விதை தூவி, நீர் பாய்ச்சிவிட்டு விளைச்சலை எதிர்பார்ப்பவன் கொள்வதே நம்பிக்கை, விதைக்காமலே அறுவடையை எதிர்பார்ப்பவன் கொள்வது மயக்கம் என்று கஸ்ஸாலி இமாம் விளக்குகிறார்கள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் நம் நாட்டு உழவனுக்கும் இது தெரியும். மழை பொய்த்தால் அவன் மீது குற்றமில்லை. பட்டத்தில் உறங்கியவன் மழையைக் குறை சொல்ல முடியாது.

விதைத்தவன்தானா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள மாணவனுக்கு ஒரு வழி உண்டு. பதினைந்து நாள் வீணாகிப் போயிருந்தால், பதினாறாம் நாள் காலையில் அவன் என்ன செய்கிறான்? “போனது போகட்டும், அடுத்த லீவில் பார்க்கலாம்” என்றால் அது ஆசையாக மட்டுமே இருந்தது. மீதி நாட்களை எண்ணி, முல்க்கை மட்டுமாவது முடிப்போம் என்று அமர்ந்தால் அது நிய்யத்.

விடுமுறை யாருக்குச் சொந்தம் என்ற வழக்குக்கு இனித் தீர்ப்பு எழுதிவிடலாம். அது அல்லாஹ்வுக்குச் சொந்தம். பிள்ளையின் கையில் அமானத்தாக இருக்கிறது. கணக்குச் சொல்லப்போவது பிள்ளையே ஆகையால், திட்டமிடும் உரிமையையும் அவனுக்கோ அவளுக்கோ கொடுக்கத்தான் வேண்டும். பெற்றோர் அதற்குக் காவலர்களும் துணைவர்களுமாவர். அத்தாவும் அம்மாவும் ஒருநாள் மக்ரிபுக்குப் பின் பிள்ளைகளை அமர்த்தி, “உன் பட்டியலில் என்ன இருக்கிறது?” என்று கேட்டுப் பார்க்கட்டும். மகளிடமும் கேட்கட்டும். கேட்ட பிறகு தம் தேவையையும் சொல்லட்டும். இருதரப்பும் விட்டுக்கொடுத்து எழுதும் அந்தச் சிறு தாளில் பரக்கத் இருக்கும்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் ஓய்வையும் உடல்நலத்தையும் நஷ்டமில்லாத வியாபாரமாக ஆக்கி, அவர்களின் நல்ல நாட்டங்களை நிறைவேற்றித் தருவானாக! ஆமீன்.